உறுதி யார் பெயரில்? - கிழக்கில் நாம் வீடு கட்டிய கதை



ஊரில் எந்த ஒழுங்கையால் போனாலும் ஒரு மணல் குவியலைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. ஒரு வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. இன்னொன்றுக்குப் பிளேட் போட்டாயிற்று. மற்றொன்றில் சுவர் பூச முன்னமே குடிபுகுந்துவிட்டார்கள். "யாருக்கு வீடு?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மகளுக்கு." இந்தப் பதிலுக்குப் பின்னால் சில நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. சீதனம் சரியா பிழையா என்று சூடாகப் பேசும் இந்தக் காலத்தில் அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

காத்தான்குடி, ஏறாவூர் தொடக்கம் கல்முனை, அக்கரைப்பற்று வரை நம் முஸ்லிம்களிடம் தாய்வழிக் குடிமுறை இருந்து வருகிறது. பிள்ளைக்குக் குடி உம்மாவிடமிருந்துதான் வரும். ஒரே குடிக்குள் கலியாணம் பேசமாட்டார்கள். பள்ளிவாசலுக்கு மரைக்காயர்மாரைக் குடிவாரியாக எடுத்த வழக்கமும் உண்டு. இதே முறை மட்டக்களப்புத் தமிழரிடமும் இருக்கிறது. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் முக்குவர் பக்கம் நின்றார்கள், அதற்குப் பிறகு பெண்ணெடுத்து இங்கேயே குடியமர்ந்தார்கள் என்பது ஏறாவூர்ப் பக்கத்து வாய்வழிக் கதை. 1626இல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகவும் வரலாறு சொல்கிறது. எப்படி வந்திருந்தாலும், ஆண் பெண்வீட்டுக்குப் போய் வாழ்வது இங்கே ஊர்வழக்கமாகிவிட்டது.

அந்தக் காலத்து வீடு கம்பும் வரிச்சும் களிமண்ணும் கிடுகுக் கூரையும்தான். மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்தால் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் மற்றப் பிள்ளைகளும் அதே வளவில் இன்னொரு வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கும் அப்படித்தான். கடைசி மகளோடு பெற்றோரின் முதுமை கழியும். வசதியுள்ளவர்கள் வீட்டோடு வயற்காணியும் எழுதிக் கொடுத்தார்கள். ராத்தாவும் தங்கச்சியும் அடுத்தடுத்த வீட்டில் இருந்ததால் பிள்ளைப்பேற்றுக்கும் வருத்தத்துக்கும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. புருசன் மௌத்தாகினாலோ தலாக் நடந்தாலோ அவள் பிள்ளைகளோடு தெருவுக்கு வரவில்லை. கூரை அவளுடையது. இந்த முறையின் உயிர் அதில்தான் இருந்தது.

அந்த உயிரை எழுத்து வேலைகள் மெல்ல மெல்லக் குறைத்தன. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணிகளில், அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்தால் மகளுக்கு முன் மகனுக்கே உரிமை போனது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் நம் மாவட்டத்தில் இப்படியான காணிகள் பெருகின. தாய்வழியாகக் காணி போன மண்ணில் மகன்வழிச் சட்டம் வந்து அமர்ந்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது.

1970களின் கடைசியில் மத்திய கிழக்குப் பயணம் தொடங்கியது. கிடுகு போய் ஓடு வந்தது, களிமண் போய் சீமெந்துக் கல் வந்தது. யுத்த காலத்தில் பலருக்கு வயற்காணிக்குப் போக வழியில்லாமல் போனதால் சீதனத்தின் பாரமெல்லாம் வீட்டின் மேலேயே விழுந்தது. ஊராள்கள் கூடிக் கட்டிய மண்வீட்டுக்கு ஒரு போகத்து வரும்படி போதும். கல்வீட்டுக்கு ஒரு மனிதனின் வாலிபம் முழுவதும் போதவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கட்டாருக்குப் புறப்படும் பிள்ளையிடம் கேட்டால், "ராத்தாட வீடு முடியல்ல சேர்" என்பான்.

பிறகு 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் ஷஹீதானார்கள், மரணித்தார்கள். மருதமுனை, சாய்ந்தமருது கரையோரத்தில் வீடுகள் வரிசையாகப் போயின. முழுதாக உடைந்த வீட்டுக்கு 2,50,000 ரூபா, பகுதியாக உடைந்ததற்கு 1,00,000 ரூபா என்று தவணையாகக் கொடுத்தார்கள். கரையோரத் தடை வலயத்துக்குள் அகப்பட்டவர்களுக்கு வேறிடத்தில் வீடு கிடைத்தது. அங்கேதான் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. கடல் கொண்டுபோன வீடு பெண்ணின் பெயரில் இருந்தது. புது வீட்டின் பத்திரம் பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் ஆணுக்குப் போனது. பெண்கள் அமைப்புகள் இதை அப்போதே எடுத்துச் சொல்லின. கல்வீட்டுக் கவலையில் இருந்த நம்மில் பலர் கவனிக்கவில்லை.

இப்போது ஜும்ஆ மேடைகளில் சீதனத்துக்கு எதிராகப் பேசுகிறார்கள். நியாயமான பேச்சு. மஹர் கொடுக்க வேண்டியவன் மாடி வீடு கேட்பதை எந்தக் குடிவழக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதமாக இருக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். பத்து வருடம் பாலைவனத்தில் உழைத்த மகன் வெறுங்கையோடு நிற்பதும் அந்த நீதத்துக்குள் அடங்காது.

ஆனால் ஒரு விடயத்தில் அவசரப்படக் கூடாது. சீதன வீட்டில் தவறு இருப்பது கேட்பதிலும் கட்டாயத்திலும் கடனிலும். பெண்ணுக்குச் சொந்த வீடு இருப்பதில் தவறில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் "ஒழி" என்றால், மாப்பிள்ளையின் பேராசை வேறு பெயரில் திரும்பி வரும். பெண்ணின் உரிமை போனால் திரும்பி வராது. உறுதி ஆணின் பெயரில் எழுதப்படுகிற, செலவு மட்டும் பெண்வீட்டார் தலையில் விழுகிற ஒரு நிலைமைதான் மிஞ்சும். பழைய முறையின் பாரம் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

ஆகவே ஊரவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வீட்டைச் சிறிதாகக் கட்டுங்கள். இரண்டு அறையும் ஒரு குசினியும் போதும், மேல்மாடியை அவர்கள் உழைத்துக் கட்டட்டும். நொத்தாரிசிடம் போகும்போது மகளையும் கூட்டிப் போய் உறுதியை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். மருமகன் காசு போட்டிருந்தால் அவர் பங்கையும் மறைக்காமல் எழுதுங்கள். அரசாங்க வீடென்றால் இருவர் பெயரிலும் கேளுங்கள். மகன்களின் உழைப்புக்கும் ஒரு கணக்கு வையுங்கள்.

அல்லாஹ் எல்லோருடைய வீட்டிலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.