காஸ்டர்ட்

இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டு முதலே பிரசித்தி பெற்றிருந்த பெரிய சமையல் ஆப்பிள் ஒன்றின் நாமம் காஸ்டர்ட். பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சும் கஸ்டர்டுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. காம்பிலிருந்து அடிவரை விலா எலும்புகள்போலப் புடைத்தோடும் வரம்புகள் இதன் மேனியில் இருந்தமையால், விலாவைக் குறிக்கும் 'கோஸ்தெ' என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லினின்று இப்பெயர் பிறந்ததென்பர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. பச்சையாகத் தின்பதைக் காட்டிலும், வேகவைத்துக் குழைத்தும், மாவுப் பண்டத்துள் பூரணமாக வைத்துச் சுட்டும் உண்ண உகந்த இக்கனியை லண்டன் வீதிகளில் கூவி விற்றோர்க்கு 'காஸ்டர்மங்கர்' என்ற பட்டம் ஏற்பட்டு, நாளடைவில் கனியும் காய்கறியும் தெருவில் விற்போர் அனைவர்க்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. பருத்த வடிவத்தை முன்னிட்டு மனிதர் தலையையும் இச்சொல் பரிகாசமாகக் குறித்தது. ஷேக்ஸ்பியர் தம் நாடகமொன்றில் நாட்டுப்புறத்தான் ஒருவனுக்கு இப்பெயரையே சூட்டியிருக்கிறார்.