புரோஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிகிறதா? எப்போது சரியாகும்? என்ன செய்யணும்?

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சாச்சு. டியூப்பையும் எடுத்தாச்சு. ஆனால் இருமினாலோ, தும்மினாலோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ சிறுநீர் கசிகிறது. புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் சுரப்பியை முழுசாக அகற்றிக்கொண்ட ஆண்களில் பலருக்கு ஆரம்ப வாரங்களில் இந்தப் பிரச்னை இருக்கும். கூச்சப்பட்டு மனைவியிடம்கூடச் சொல்லாமல், கல்யாணம், பஸ் பயணம் எல்லாவற்றையும் தவிர்த்து வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுபவர்களும் உண்டு.

ஏன் கசிகிறது?

சிறுநீரை அடக்கிவைக்க நம் உடம்பில் இரண்டு சுருக்குத் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பையின் வாயில் ஒன்று, புரோஸ்டேட்டுக்குக் கீழே இன்னொன்று. சுரப்பியை எடுக்கும்போது மேலே உள்ள தசை பாதிக்கப்படும். அதன் வேலையையும் சேர்த்து கீழே உள்ள தசையே பார்க்க வேண்டும். அது பழகத்தான் நேரம் பிடிக்கிறது. இந்தக் கசிவு, புற்றுநோய் திரும்பிவிட்டதற்கான அடையாளம் அல்ல.

எத்தனை மாதம் ஆகும்?

பொதுவாகப் படுத்திருக்கும்போது வரும் கசிவு முதலில் குறையும். நடக்கும்போதும் எழும்போதும் வருவது அதற்குப் பிறகுதான் நிற்கும். பலருக்கு 3 முதல் 6 மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். வயது, உடல் எடை, நரம்புகள் எந்த அளவு காப்பாற்றப்பட்டன என்பதைப் பொறுத்து இது மாறும்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சி

காற்று பிரியாமல் அடக்குவோமே, அதுபோல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்க வேண்டும். 5 எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 10 முறை, தினமும் 3 வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிறு, தொடையை இறுக்கக் கூடாது. இதன் பெயர் கீகல் பயிற்சி. ஆபரேஷனுக்கு முன்பே பழகிக்கொள்வது நல்லது. டியூப் இருக்கும் நாட்களில் மட்டும் செய்ய வேண்டாம்.

தண்ணீரைக் குறைக்கலாமா?

கூடாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி, சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும். காபி, டீ, மதுவைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

குறையவே இல்லையா?

6 மாதமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் சிறுநீரகவியல் மருத்துவரிடம் பேசுங்கள். சிறுநீர்க்குழாயைத் தாங்கிப் பிடிக்கும் 'ஸ்லிங்' பட்டை, கசிவு அதிகமாக இருந்தால் செயற்கைச் சுருக்குத் தசை எனச் சிகிச்சைகள் உண்டு. செயற்கைத் தசைக்கான சின்ன பம்ப் விதைப்பைக்குள் வைக்கப்படும். அதை அழுத்தினால் சிறுநீர் கழிக்கலாம்; பிறகு தானாகவே மூடிக்கொள்ளும்.

காய்ச்சல், ரத்தக் கட்டிகள், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது ஆகியவை இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் முன், ஒரு நாளைக்கு எத்தனை பேட் நனைகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்தச் சீட்டை நீட்டினாலே போதும்.