சித்திர சபை

சித்திரம்: ஓவியம், சிற்பம், அழகு, வியப்பு. வடமொழிச் 'சித்ர' என்பதன் வழி வந்தது. அங்கே ஒளிர்வது, பல நிறமுடையது என்று பொருள். சிற்ப நூல்கள் முழுவுருவச் சிலையைச் சித்திரம் என்றும், புடைப்புச் சிற்பத்தை அர்த்தசித்திரம் என்றும், தீட்டிய ஓவியத்தைச் சித்திராபாசம் என்றும் பிரிக்கின்றன. தமிழ் வழக்கில் சித்திரம் பெரும்பாலும் ஓவியத்தையே குறித்து நிலைத்தது.

அரசர் பெயர்களோடும் இச்சொல் ஒட்டியிருக்கிறது. புறநானூறு பாடும் பாண்டியருள் ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். ஓவியம் தீட்டிய மாளிகையில் உயிர்நீத்தவன். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவன் மகேந்திரவர்மன் 'சித்திரகாரப்புலி', ஓவியருள் புலி.

குற்றாலத்தில் இச்சொல் கோயிலாகவே நிற்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலம் சித்திரம். குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தனியே அமைந்த இச்சபையில் ஆடவல்லான் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறார். சுற்றுச் சுவர்களில் புராணக் காட்சிகள் நிறைந்துள்ளன.

குற்றால அருவியில் நீராட வருவோர் இச்சபைக்கும் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். கண்ணால் மட்டும் பாருங்கள். கைபட்டால் வண்ணம் உதிரும்.