எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்: வணிக நிலப்படங்களின் முன்வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்களின் டாஷ்போர்டுகளில் இன்று வழங்கும் நிலப்பட வகைகள் கணினிக் காலத்தில் தோன்றியவை அல்ல. கல்வி, இருப்புப்பாதை முதலியவை குறித்து முடிவெடுப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவை உருவாயின. அயர்லாந்து இருப்புப்பாதை ஆணையத்திற்காக 1837இல் வரையப்பட்ட படங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு, எதை எண்ணுவது என்னும் தேர்வு நிலப்படம் தரும் விடையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிலப்படம், தரவுக் காட்சியாக்கம், டாஷ்போர்டு, ஓட்டப்படம், அயர்லாந்து, இருப்புப்பாதை

மூன்று வடிவங்கள்

வணிக நுண்ணறிவு மென்பொருள் எதைத் திறந்தாலும் நிலப்படத்திற்கென மூன்று வடிவங்கள் காத்திருக்கும். மாவட்டம், மாநிலம் போன்ற எல்லைகளுக்குள் நிறம் நிரப்புவது ஒன்று. ஊர்களின்மேல் அளவுக்கேற்ற வட்டம் இடுவது மற்றொன்று. இடத்திற்கு இடம் செல்லும் பொருளையோ ஆட்களையோ தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகளாகக் காட்டுவது மூன்றாவது. 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்னும் தொடரை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் தம் கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். அவர் எழுதும்போது இம்மூன்று வடிவங்களுக்கும் நூறு வயது கடந்திருந்தது.

நிறம் நிரப்பும் முறைக்கு முன்னோடி பிரெஞ்சுக் கணித அறிஞர் ஷார்ல் துபேன். 1826இல் அவர் பிரான்சின் ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளி செல்வோருக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, கல்வி குன்றிய மாவட்டங்களைக் கருமையாகவும் ஓங்கியவற்றை வெளிறியதாகவும் காட்டினார். செயின்ட் மாலோவிலிருந்து ஜெனீவா வரை ஒரு கோடிட்டால் வடக்கே ஒளியும் தெற்கே இருளுமாக நாடு பிரிவதுபோல் தோன்றிய அப்படம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அறியாமைக்குக் கருமையைத் தெரிந்தெடுத்தது அறிவியல் முடிவன்று, வாதத்தின் பகுதி. சிவப்பை 'இழப்பு' என்றும் பச்சையை 'ஈட்டம்' என்றும் படிக்கப் பழகிய இன்றைய மேலாளருக்கு இது புதிதாக இராது.

துபேனின் முறையில் வேறொரு சிக்கலும் இருந்தது. நிறம் எல்லைக்குள் முழுவதும் ஒரே சீராகப் பரவும்; எல்லையை மாற்றினால் படமும் மாறும். இதன் ஆழம் தெளிவாக நெடுங்காலம் ஆயிற்று. ஸ்டான் ஓப்பன்ஷா, பீட்டர் டெய்லர் இருவரும் 1979இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து 99 கவுண்டிகளை வெவ்வேறு வகையில் தொகுத்துப் பார்த்தனர். முதியோர் விகிதத்திற்கும் குடியரசுக் கட்சி வாக்குகளுக்கும் உள்ள ஒட்டுறவு, தொகுக்கும் முறையைப் பொறுத்து ஏறத்தாழ −1 முதல் +1 வரை எந்த மதிப்பையும் பெறக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஹார்னஸின் படங்கள்

அயர்லாந்தில் இருப்புப்பாதை எங்கெங்கே அமைப்பது என்று ஆராய 1836இல் ஓர் ஆணையம் அமைந்தது. தாமஸ் டிரம்மண்ட் அதில் முதன்மை இடம் வகித்தார். ஆணையத்தின் இரண்டாம் அறிக்கை 1838இல் வெளிவந்தபோது அதனுடன் ஒரு நிலப்படத் தொகுதியும் இணைக்கப்பட்டது. அதிலுள்ள மூன்று படங்களை 1837இல் உருவாக்கியவர் அரசப் பொறியாளர் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஹென்றி ட்ரூரி ஹார்னஸ்.

முதற்படம் மக்களடர்த்தியைக் காட்டுவது. ஹார்னஸ் நிர்வாக எல்லைகளுக்குள் நிறத்தை அடைக்கவில்லை. மக்கள் உண்மையில் செறிந்தும் பரந்தும் வாழும் நிலத்தைப் பின்பற்றிச் சாயலிட்டு, நகரங்களுக்கு அவற்றின் மக்கள்தொகைக்கேற்ப வட்டம் இட்டார். இரண்டாம் படத்தில் பயணிகளின் எண்ணிக்கையும் மூன்றாம் படத்தில் சரக்கின் அளவும் கோட்டின் தடிமனாயின. டப்ளினிலிருந்து புறப்படும் கோடுகள் தடித்துச் சென்று தொலைவு ஏற ஏற மெலிகின்றன. எண்களைப் படிக்காத அமைச்சரும் ஒரு நொடியில் புரிந்துகொள்ளத்தக்க படம். எங்கே தேவை உள்ளது, எங்கே பணம் இடலாம் என்பதே இத்தொகுதி எழுப்பும் கேள்வி. அவ்வகையில் இதனை டாஷ்போர்டின் மூதாதை எனல் மிகையாகாது.

ஆயினும் பயணியர் படத்தின் தலைப்பே ஓர் எல்லையை வகுக்கிறது: ஒழுங்காக இயங்கும் பொது வண்டிகளில் சென்றோரின் ஒப்பீட்டு எண்ணிக்கையே அதில் காட்டப்படுகிறது. நடந்து சென்றவர் இல்லை. சொந்த வண்டியில் சென்றவரும் இல்லை. பொது வண்டி ஓடாத பகுதியில் பயணமே இல்லாததுபோல் படம் வெறுமையாகும். 1831ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மேற்குக் கடற்கரைக் கவுண்டியான மேயோவில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுநிலத்தில் உருளைக்கிழங்கு விளைத்து உண்டு வாழ்ந்தவர். கட்டணம் கொடுத்து வண்டியேறும் நிலையில் இல்லாதவர். அடர்த்திப் படத்தில் இடம்பெற்ற மக்கள் ஓட்டப்படத்தில் காணாமற்போயினர். ஆணையம் தெற்கே கார்க் நகரை நோக்கியும் வடக்கே அல்ஸ்டர் பகுதியை நோக்கியும் பெருவழிகளைப் பரிந்துரைத்தது. மேற்கிற்குத் தனிப் பெருவழி எதுவும் இல்லை.

இருப்புப்பாதைகளை அரசு முன்னின்று அமைப்பது என்னும் திட்டம் நிறைவேறவில்லை. தனியார் நிறுவனங்களே அவற்றை அமைத்தன. அத்தகைய ஒரு நிறுவனத்தின் தடம் 1851இல் கால்வே வரை சென்றது. அதற்கும் மேற்கே, வருவாயை மட்டும் நம்பித் தடமிட எவரும் துணியவில்லை. 1889இல் இயற்றப்பட்ட இலகு இருப்புப்பாதைச் சட்டத்தின்கீழ் அரசின் நிதியுதவி கிடைத்த பின்னரே கால்வேயிலிருந்து கிளிஃப்டனுக்கு 1895இல் தொடர்வண்டி ஓடிற்று.

இதனிடையே மேற்கை அளக்கும் அளவுகோலே மாறியிருந்தது. 1891இல் அமைக்கப்பட்ட 'நெருக்கடிப் பகுதிகள் வாரியம்' போக்குவரத்தை அளக்கவில்லை. தேர்தல் பிரிவுதோறும் நில மதிப்பீட்டைத் தலைக்கு வகுத்து, அது 30 ஷில்லிங்குக்குக் கீழே உள்ள பிரிவுகளைக் கணக்கிட்டது. ஓட்டப்படம் வெறுமையாக விட்ட அதே கடற்கரை, இவ்வளவுகோலின்படி அரசின் உதவிக்கு முதலில் உரிய பகுதியாயிற்று. மண் அதுவே; வகுத்த எண் வேறு.

ஹார்னஸின் கணக்கைப் பிழையெனத் தள்ளுவதும் பொருந்தாது. போதிய வருவாய் தராத கிளிஃப்டன் தடம் 1935இல் மூடப்பட்டது. 'இப்போதுள்ள போக்குவரத்து எங்கே மிகுதி' என்னும் கேள்விக்கு ஓட்டப்படம் சரியான விடையையே தந்தது. 'எங்கே பாதை வேண்டும்' என்பது அதனிடம் கேட்கத்தகாத கேள்வி, கேட்கப்பட்டதோ அதுவே.

மினாரும் அச்சுப்பொறியும்

ஹார்னஸின் படங்கள் ஏறக்குறைய மறக்கப்பட்டன. 1955இல் ஆர்தர் ராபின்சன் எழுதிய கட்டுரையே அவற்றை ஆய்வுலகிற்கு மீட்டளித்தது. ஓட்டப்படத்தின் புகழ் பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் ஜோசப் மினாரைச் சேர்ந்தது. அவருடைய 1845ஆம் ஆண்டுப் படமும் திஜோன், முலூஸ் நகரங்களுக்கிடையே பொது வண்டியில் சென்ற பயணிகளைப் பற்றியதே. அங்கும் இருப்புப்பாதையின் வழித்தடமே கேள்வியாக இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வணிகம் திசைமாறியதை அவர் பின்னாளில் காட்டியபோது, அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவிற்கு வந்த பட்டை சுருங்க, இந்தியாவிலிருந்து சென்ற பட்டை விரிந்தது. பட்டைகளுக்கு இடம் போதாதபோது மினார் கடற்கரைகளை விலக்கி வரைந்தார். நிலம் எண்ணுக்கு வழிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

கணினி வந்தபோது இத்துணிவு பின்வாங்கியது. ஹோவர்ட் ஃபிஷர் 1965இல் ஹார்வர்டில் தொடங்கிய ஆய்வகம் வளர்த்தெடுத்த சைமேப் நிரல், வரி அச்சுப்பொறியில் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டுக் கருமையின் படிநிலைகளை உண்டாக்கியது. எல்லைகளை ஒருமுறை உள்ளிட்டுவிட்டால் தரவை மாற்றி மாற்றி அச்சிடலாம். துபேனின் முறை இயந்திரத்திற்கு எளிதாகப் பொருந்தியது; மக்கள் வாழும் நிலத்தைத் தேடிச் சாயலிட்ட ஹார்னஸின் முறைக்குக் கூடுதல் தரவும் உழைப்பும் தேவைப்பட்டன. இன்றைய டாஷ்போர்டுகளில் நிறம் நிரப்பிய படம் முதலிடம் பெற்றிருப்பதற்கு அதன் தகுதியைக் காட்டிலும் இந்த எளிமையே காரணம்.

டாஷ்போர்டில் வெறுமை

டாஷ்போர்டு நிலப்படம் இரண்டு அட்டவணைகளின் இணைப்பு: ஒன்றில் எல்லைகள், மற்றொன்றில் விற்பனையோ முகவரியோ. விற்பனை அட்டவணையில் ஒரு பகுதியின் பெயரே இல்லையெனில் அதற்குரிய மதிப்பு 'இன்மை' ஆகும். 'இன்மை' வேறு, 'சுழியம்' வேறு. கடையே திறக்காத ஊருக்கும், கடை திறந்து ஒன்றும் விற்காத ஊருக்கும் வணிகப் பொருள் ஒன்றன்று. ஆனால் கூட்டலில் இடர் நேராதிருக்க இன்மையைச் சுழியமாக மாற்றிவிடுவது தரவுப் பொறியாளரிடையே பரவலான வழக்கம். மாற்றியவுடன் அவ்விரண்டு ஊர்களும் ஒரே வெளிறிய நிறம் பெறுகின்றன. மாற்றாவிடினும், எல்லையை விட்டுவிடும் இணைப்பு முறையால் அவ்வூர் படத்திலிருந்தே மறைந்துபோகலாம்.

ஹார்னஸ் தம் படத்தின் தலைப்பிலேயே எவ்வகை வண்டியில் சென்றோரை எண்ணினார் என்பதை அச்சிட்டிருந்தார். டாஷ்போர்டின் தலைப்பில் பெரும்பாலும் 'விற்பனை' என்னும் ஒரு சொல் மட்டுமே நிற்கிறது. எந்தக் கடையின் விற்பனை, எவ்வழியில் பதிவானது, எவை விடுபட்டன என்பன தரவுத்தளத்தின் உள்ளே, அத்தலைப்பைப் படிப்பவர் திறந்து பார்க்காத இடத்தில் தங்கிவிடுகின்றன.