இணையப் பங்கேற்பு ஆய்வு

இணையவழிக் குழுமங்களில் உறுப்பினர் எவ்வாறு பங்கேற்கின்றனர் என்பதை ஆராயும் துறை. ஆய்வாளர்கள் ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் இருவரும் 1991இல் முன்வைத்த கருத்து இதற்கு அடித்தளம்: புதியவர் விளிம்பில் நின்று கற்று, மெல்ல நடுவே வருகிறார்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதற்கு வளமான களம். 2017இல் தமிழக ஆசிரியர்களுக்கு அதில் எழுதப் பயிற்சி தரப்பட்டது. கட்டுரை ஒவ்வொன்றின் வரலாற்றுப் பக்கமும் எந்தப் பயனர் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும். எடுத்துக்காட்டாக, செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் அக்கோட்டை பற்றிய கட்டுரையில் நிகழ்ந்த திருத்தங்களை இவ்வழியே ஒப்பிடலாம்.

திருத்த எண்ணிக்கை மட்டும் போதாது. ஒற்றுப்பிழை களைபவரின் பொறுமையை அது அளக்காது. உரையாடல் பக்கங்களைப் படிக்க வேண்டும், பங்களிப்பாளரை நேரில் கேட்கவும் வேண்டும். வாசித்து மட்டும் செல்பவரின் பெயர் எங்கும் பதிவதில்லை. அவரைப் பங்கேற்காதவர் என ஒதுக்குவது பெரும்பிழை.