வார்சா நகரத்து நகைப்பு

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியர் எள்ளலையே முதற்கண் வைத்தார். ஆயினும் ஒரு நாடே எரிந்துகொண்டிருக்கையில் எள்ளி நகையாடுதல் தகுமோ? 1942இல் எர்ன்ஸ்ட் லூபிட்சு இயக்கிய 'டு பீ ஆர் நாட் டு பீ' என்னும் திரைப்படம் அமெரிக்காவில் வெளிவந்தபோது இவ்வினாவே திறனாய்வாளர்களைப் பிளவுபடுத்தியது.

நாஜிகள் பிடியில் சிக்கிய வார்சா நகரில் ஒரு நாடகக் குழு, பகைவரின் சீருடையையே வேடமாகப் புனைந்து அவர்களை ஏய்க்கிறது. படப்பிடிப்பு முடியுமுன்னரே, 1941 திசம்பரில், அமெரிக்காவும் போரில் இறங்கிவிட்டது. 1942 சனவரி 16ஆம் நாள், போர்க்கடன் பத்திர விற்பனைக்காகச் சென்று திரும்பிய நாயகி கரோல் லொம்பார்ட் வானூர்தி விபத்தில் மாண்டார். துயர் தோய்ந்த உள்ளத்தோடுதான் மக்கள் இந்நகைச்சுவையைக் காண நேர்ந்தது.

குண்டுவீச்சில் சிதைந்த நகரைக் கேளிக்கைக் களமாக்கியது சுவைக்கேடு என 'நியூயார்க் டைம்ஸ்' திறனாய்வாளர் பாஸ்லி கிரௌதர் கடிந்தார். நடிகன் ஒருவன் மேடையில் சேக்சுபியரைப் படுத்திய பாட்டையே தாங்கள் போலந்தைப் படுத்துவதாக நாஜி அதிகாரி ஒருவன் கூறும் வசனம் பலரைச் சுட்டது. முன்காட்சியைக் கண்ட நண்பர்களே அதை நீக்குமாறு வேண்டினர், லூபிட்சு இசையவில்லை. இயக்குநர் பெர்லினில் பிறந்தவர் என்பதைக்கூடப் பிலடெல்பியா இதழொன்று குத்திக்காட்டியது. யூதராகிய அவரது செருமானியக் குடியுரிமையை நாஜி அரசு 1935இலேயே பறித்துவிட்டிருந்தது!

தாம் போலந்து மக்களை எள்ளவில்லை. ஆபத்து சூழ்ந்தாலும் நடிகராகவே இருக்கும் நடிகர்களையும் நாஜிகளையுமே எள்ளியதாக லூபிட்சு விடையிறுத்தார். வதைக்கூடங்களை அவர் காட்டவில்லை. கொடுமையை அன்றாட வணிகம்போல் பேசிப் பழகிய மனிதர்களையே காட்டினார். கிரௌதரின் சினம் நேர்மையானதே. எனினும் அந்நகைப்பு எவர்மீது பாய்கிறது என்பதை அவர் நோக்கத் தவறினார். ஷைலாக்கின் உரையை நாஜிகள் முன்னிலையில் முழங்கும் கிரீன்பெர்க் என்னும் சிறுவேட நடிகனைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. அவன் வாயில் 'யூதன்' என்ற சொல் மறைந்து 'நாங்கள்' என்றாகிறது.

காலப்போக்கில் மதிப்பீடு மாறியது. 1983இல் மெல் புரூக்ஸ் நடிக்க இக்கதை மீண்டும் படமாயிற்று. 1996இல் மூலப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆனால் பழைய வினா முற்றும் ஓய்ந்துவிடவில்லை. 1940இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தை உருவாக்கிய சாப்ளின், வதைமுகாம்களின் முழுக்கொடுமையையும் அன்றே அறிந்திருந்தால் அதை எடுத்திருக்க இயலாது எனத் தமது 1964ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில் எழுதினார். தன்வரலாறு எதுவும் எழுதாமலே லூபிட்சு 1947இல் மறைந்தார்.