கட்டளைக்கும் வேற்றுமை உண்டு

ஆர்ட்ஸ் ஃபகல்டிப் பிள்ளைகள் என்றால் கொம்பியூட்டருக்கும் எங்களுக்கும் வெகுதூரம் என்றொரு நினைப்பு கம்பஸில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், எங்களுக்கே இருக்கிறது. அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைத்துவிட்ட ஒரு பழைய கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் நடந்தது.

2008 ஓகஸ்ட்டில் மொசில்லா லாப்ஸ், ஃபயர்ஃபொக்ஸ் உலாவிக்கு யுபிக்விட்டி என்றொரு நீட்சியை வெளியிட்டது. முன்னுக்கு நின்றவர் அசா ரஸ்கின். அப்பிள் நிறுவனத்தில் மக்கின்டோஷ் திட்டத்தைத் தொடக்கிய ஜெஃப் ரஸ்கினின் மகன். மெனுவுக்குள் தேடித் திரியாமல், வேண்டியதைச் சொல்லாலேயே கணினியிடம் கேட்கவேண்டும் என்பது தகப்பன் காலத்து யோசனை. யுபிக்விட்டியில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். மொழிபெயர், வரைபடம் காட்டு, மின்னஞ்சல் அனுப்பு என்பதை அதில் ஆங்கிலத்தில் தட்டினால் வேலை நடக்கும்.

இதைவிடப் பெரிய விசயம், புதுக் கட்டளைகளை யாரும் எழுதிச் சேர்க்கலாம் என்பது. அதற்கான பக்கம் நீட்சிக்குள்ளேயே இருந்தது. சில வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும், உலாவியை மூடித் திறக்கவும் தேவையில்லை. எழுதியதைத் தன்னுடைய இணையப்பக்கத்தில் போட்டுவிட்டால், அங்கே வருகிறவர்கள் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவதுபோல அதைச் சேர்த்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆபத்தும் இருந்தது. உலாவிக்குள் எதையும் செய்யும் அதிகாரம் ஒரு கட்டளைக்கு இருந்தபடியால், கடவுச்சொல்லைக் களவெடுக்கவும் வழி இருந்தது. எழுதினவரை நம்பினால் மட்டும் சேருங்கள் என்று நீட்சியே எச்சரித்தது.

வாசல் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் வாசல்படி ஆங்கிலத்தில் கட்டப்பட்டிருந்தது. 'எதிலிருந்து', 'எதற்கு' என்பவற்றைக் குறிக்க ஆங்கில முன்னிடைச் சொற்களையே கட்டளைக்குள் எழுதவேண்டும். வினை முதலில் வரும் மொழிக்கு இது சரி. வினை கடைசியில் வரும் மொழிக்கு?

இந்தக் கேள்வியை எடுத்து, வாக்கியத்தைப் பிரித்தறியும் பகுதியைப் புதிதாக அமைத்தவர் மைக்கேல் யோஷிதாகா ஏர்லவைன், மொழியியல் படித்தவர். 2009இல் வந்த 0.5 பதிப்பில், கட்டளை எழுதுகிறவர் ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு, செயப்படுபொருள், புறப்படும் இடம், சேரும் இடம், கருவி என்று பொருளின் பங்கை மட்டும் குறித்தால் போதும் என்றானது. எந்தப் பங்கை எந்த உருபு காட்டுகிறது என்பதை ஒவ்வொரு மொழிக்கும் தனி அட்டவணை சொல்லும். யப்பானிய மொழியில் 'நி' என்றால் சேரும் இடம், 'கரா' என்றால் புறப்படும் இடம்.

இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இது ஓ.எல்லுக்கு நாங்கள் பாடமாக்கின வேற்றுமை அட்டவணை அல்லவா! 'இந்தப் பந்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்' என்பதை எடுத்துப் பாருங்கள். ஐ, இலிருந்து, கு மூன்றும் தங்கள் தங்கள் வேலையைச் சொல்லிவிடுகின்றன, வினை ஆறுதலாகக் கடைசியில் வருகிறது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 'ஆங்கிலத்திலிருந்து' என்பதில் உருபை வெட்டினால் மிஞ்சுவது 'ஆங்கிலம்' இல்லை, 'ஆங்கிலத்து'. அந்த அத்துச் சாரியையை யந்திரத்துக்கு யார் சொல்லிக் கொடுப்பது? நிரல் எழுதத் தெரிந்தவர் தனியே செய்கிற வேலை இல்லை அது.

மாற்றத்துக்கு விலையும் இருந்தது. முதல் பதிப்புக்கு எழுதின கட்டளைகளைப் புது முறைக்கு மாற்றி எழுதவேண்டி வந்தது. பிறகு மொசில்லா லாப்ஸ் இந்த வேலையை நிறுத்திவைத்தது. தன்னார்வலர்கள் சில காலம் இழுத்துக்கொண்டு போனார்கள். 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபொக்ஸ் 57, பழைய வகை நீட்சிகளை ஏற்பதையே நிறுத்தியது. உலாவியின் உள்ளெல்லாம் கைவைக்கும் நீட்சிகள் பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் இடைஞ்சல் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. முழுதாகப் பிழை என்று சொல்ல ஏலாது. யுபிக்விட்டியை எழுந்து நிற்கவைத்த அதே அதிகாரம்தான் கடைசியில் அதை விழுத்தியதும். மூலநிரல் திறந்திருந்தது, ஆனால் அது நின்ற நிலம் இன்னொருவருடையது. எத்தனையோ பேர் இரவிரவாக இருந்து எழுதின கட்டளைகள் அந்த நிலத்தோடு போயின.

ஆனாலும் அந்த அட்டவணை யோசனை எங்களுக்குச் சாகவில்லை. திறந்த மூல வேலைக்குப் பங்களிப்பது என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் ஒதுங்கி நின்றோம். ஒரு மொழியின் உருபுகளை ஒழுங்காக எழுதிக் கொடுப்பதும் பங்களிப்புத்தான். அடுத்தமுறை யாராவது இப்படியொரு கட்டளைப் பெட்டி செய்யும்போது, தமிழில் வினை எங்கே வரும் என்று எங்களிடம் கேட்கமாட்டார்கள். நாங்களாகப் போய்ச் சொல்லவேண்டும்.